பிறந்த வீட்டு மீன்

கோச்சடை,
18.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு ரோகிணி எழுதுவது. நீயும் தாமரைச்செல்வி மதினியும் உடம்புக்கு நன்றாக இருக்கிறீர்களா? இங்கே என் மாமியாருக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மற்றபடி குறையில்லை. போனிலேயே பேசலாம். ஆனால் என் போன் பகல் முழுக்கக் கறிக்கடைக் கல்லாவில் கிடக்கிறது, பிராய்லர் ஆர்டர் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வருகிறது. சாயங்காலம் கைக்கு வந்தாலும் உன் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்வார். உன்னைத் திட்டுவதை அவர் கேட்க வேண்டாம் என்றுதான் தபாலில் எழுதுகிறேன்.

நேற்று கருப்பு அண்ணன் நம் ஊரிலிருந்து தூக்குவாளியோடு வந்தார். மேலக்கண்மாய் அழித்தாச்சு, இது உங்க பங்கு என்று கொடுத்தார். தண்ணீர் வற்றுகிற காலத்தில் ஊரே கண்மாய்க்குள் இறங்கி மீன் பிடிப்பதும், பிடித்ததை ஒருத்தரும் விற்காமல் குழம்பு வைத்து, கட்டிக்கொடுத்த பெண்மக்களுக்கு அனுப்புவதும் கோச்சடையில் என் தெருவுக்கே தெரியும். நான்தான் பீற்றி வைத்திருக்கிறேன். கண்மாயை மருது மீன் குத்தகைக்கு எடுத்த பிறகு இத்தனை வருஷம் கண்மாய் அழிப்பே நடக்காததால், இந்தத் தடவை நாத்தனாரைக்கூடச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன்.

மூடியைத் திறந்தேன் அண்ணே. சாக்கடை அடைப்பெடுக்கிற நாற்றம். துண்டு துண்டாக வெளிறிப்போன சதை, தோலும் இல்லை, தலையும் இல்லை. புளி, மிளகாய், பூண்டு எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு கவுச்சி வருகிறது. நாத்தனார் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல செத்த மீனத்தான் பிடிப்பாகளோ" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. வாளியோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினேன். தெருநாய் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

என்ன மீன் அது? எதற்காக அதை அனுப்பினாய்? பிறந்த வீட்டு மீன் என்று இனி நான் எந்த வாயால் சொல்வேன்? மதினியைக் கேட்டதாகச் சொல். பதில் போடு.

ரோகிணி


நாவலம்பட்டி,
2.4.2024

தங்கச்சி ரோகிணிக்கு உக்கிரபாண்டி எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. மாமியார் முழங்காலுக்கு நொச்சித் தழை போட்டு ஒத்தடம் கொடுத்துப் பார். நாங்கள் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதிவிட்டேன்.

அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. மீசை வைத்த சனியன். வளர்க்கக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்ட மீன். குத்தகைக்காரன் மருது யாருக்கும் தெரியாமல் குஞ்சு வாங்கிவந்து விட்டிருக்கிறான். குத்தகை முடிந்து அவன் போய்விட்டான், மீன் போகவில்லை. கெண்டை, விரால், அயிரை எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டது. இறங்கலாம் என்று கரையிலிருந்து வெள்ளைத் துண்டை வீசினதும் ஊரே ஆசையாக இறங்கினோம் தாயி. நான் மூங்கில் ஊத்தாக் கூடையைக் குத்திக் குத்திக் கையை விட்டுத் துழாவுகிறேன், வழுவழுவென்று அதுவே அகப்படுகிறது. ஒரு குஞ்சுக் கெண்டை பார்த்தவர்கள் இல்லை. கரையேறும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

உன் மதினி அறுத்தாள். வயிற்றுக்குள் கோழி இறகும் குடலும் கிடந்தன. ஓங்கரித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பிறகு அவளே வந்து தலையை வெட்டி, தோலை உரித்து, உப்பும் மோரும் போட்டுக் கழுவிக் கழுவி ஊற்றினாள். தோலோடு அனுப்பினால் இன்ன மீன் என்று தெரிந்துவிடும் அல்லவா. அன்றைக்கு எல்லா வீட்டிலும் இதே வேலைதான் நடந்தது. பெண்மக்களுக்குப் பங்கு போகாவிட்டால் பிறந்த வீடு அவ்வளவுதான் என்று பேச்சு வரும். அதற்குப் பயந்து ஊரே சேர்ந்து குப்பையைக் குழம்பு வைத்து அனுப்பினோம். நீ ஊற்றியது சரிதான். நாங்களும் சாப்பிடவில்லை.

இப்போதும் யாரோ விடியக்காலையில் மடை ஓரம் கோழிக்கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறான். விக்ரமும் இன்னும் சில இளவட்டங்களும் மிச்ச மீனைப் பிடித்து லாரிக்காரனுக்கு விற்கிறார்கள், அதனால் தீனி வருவதை அவர்கள் தடுப்பதில்லை. ஊர்க்கூட்டம் போட்டுக் கண்மாய்க் குழு அமைத்திருக்கிறோம். என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். கொட்டுகிறவன் யாரென்று தெரிந்தால் அந்த வீட்டோடு ஊருக்கு உறவு இல்லை, அது யார் கொண்டான் கொடுத்தான் வீடானாலும் பங்கு கிடையாது, அழைப்பு கிடையாது என்று முடிவு. நான்தான் அதை எழுந்து நின்று சொன்னேன்.

மாப்பிள்ளை அந்தத் தொழிலில்தானே இருக்கிறார். டவுன் கோழிக்கழிவெல்லாம் எங்கே போகிறது என்று அவரிடம் கேட்டு எழுது. தமிழ்மாறன் காலேஜுக்கு ஒழுங்காகப் போகிறானா? மருமகனுக்கு என் அன்பு.

உக்கிரபாண்டி


நாவலம்பட்டி,
11.5.2024

ரோகிணி, உனக்கும் பிள்ளைக்கும் சுகம்தானே. போன கடிதத்துக்குப் பதில் காணோம். கோபம் தீரவில்லை என்று நினைக்கிறேன். உன் மதினியும் அதையேதான் சொல்கிறாள்.

மீன்வளத் துறையிலிருந்து ஒரு மேடம் வந்து பார்த்தார். கண்மாய்ப் பள்ளத்தில் நிற்கிற தண்ணீரை முழுதாக இறைத்து, சேற்றைக் கிளறி, ஒரு கெளுத்திகூட மிஞ்சாமல் எடுத்துப் புதைத்தால்தான் வழி என்றார். அது சேற்றுக்குள் கிடந்தே உயிர் பிழைக்குமாம். அதன்பிறகு மழைத்தண்ணீர் சேர்ந்ததும் நாட்டு மீன் குஞ்சு விட்டு, சில வருஷம் யாரும் வலை போடக்கூடாது. வெளித்தீனி ஒரு பிடி போடக்கூடாது. சொல்ல நன்றாகத்தான் இருந்தது. தண்ணீரை இறைத்துவிட்டால் மாட்டுக்கு எங்கே போவது என்று பாதி ஊர் கத்துகிறது. ஆனால் அந்தத் தண்ணீரை மாடு இப்போதே குடிப்பதில்லை. மோந்துவிட்டுத் திரும்பி வருகிறது. மனிதர்களுக்குத்தான் இன்னும் ரோஷம் வரவில்லை.

மேடம் முதலில் கேட்டது ஒன்றுதான். கொட்டுவது நிற்குமா? நின்றால்தான் குஞ்சு தருவாராம். அந்த வண்டியைப் பிடிக்காமல் ஒரு காரியமும் நடக்காது. நானும் கருப்பும் கரையில் காவல் இருக்கப் போகிறோம்.

மாப்பிள்ளையிடம் கேட்டாயா?

உக்கிரபாண்டி


கோச்சடை,
27.5.2024

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும், ரோகிணி. எல்லோரும் சௌக்கியம். பதில் போடத் தாமதமாகிவிட்டது. தமிழ்மாறனுக்குப் பரீட்சை, மாமியாருக்கு ஆஸ்பத்திரி, கடையில் ஆள் பற்றாக்குறை. உன்மேல் எனக்கு என்ன கோபம்? குழம்பைப் பற்றி நான் அப்படி எழுதியிருக்கக்கூடாது. மதினி எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்திருப்பாள். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

கழிவெல்லாம் மாநகராட்சி வண்டியில் போகிறது என்று உன் மாப்பிள்ளை சொன்னார். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

இங்கே வெயில் தாங்கவில்லை. மதினிக்குப் பிடிக்குமே என்று ஒரு காட்டன் புடவை எடுத்து வைத்திருக்கிறேன். நீ கரையில் போய் விடியக்காலை ஈரக்காற்றில் உட்காராதே, உனக்கு நெஞ்சுச் சளி ஆகாது. காவலுக்கு வேறு ஆளா இல்லை? ஒருவேளை வண்டியைப் பிடித்தாலும் கொட்டியவர் மன்னிப்புக் கேட்டு நிறுத்திக்கொண்டால் விட்டுவிடுவீர்கள்தானே? சும்மா கேட்கிறேன்.

ரோகிணி


நாவலம்பட்டி,
12.7.2024

ரோகிணிக்கு அண்ணன் எழுதுவது. நலம். புடவை வந்தது, உன் மதினி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

போன வாரம் அந்த வண்டி வந்தது. நானும் கருப்பும் மடைக்குப் பக்கத்தில் கருவேலமர மறைவில் இருந்தோம். நன்றாக விடிந்துவிட்டது. சின்ன வண்டி. பின்பக்கமாக வந்து நின்று நீல டிரம்களைச் சாய்த்தார்கள். தலையும் காலும் குடலும் ஒன்றாகச் சரிந்து விழுந்தது. அது தண்ணீரைத் தொட்டதும் உள்ளே கிடந்ததெல்லாம் கொதித்துக்கொண்டு மேலே வந்தது. வாயைத் திறந்து திறந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுகிறது. சீ, பார்க்க முடியவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

வண்டி போய்விட்டது. நம்பரைக் கவனிக்கவில்லை. கூட்டத்திலும் அப்படித்தான் சொன்னேன். தலைவர் வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. வயசாகிறது.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? உன்னிடம் நன்றாக நடந்துகொள்கிறாரா? உனக்கு அங்கே ஒரு குறையும் இல்லையே? நீ சந்தோஷமாக இருந்தால் எனக்குப் போதும். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

உக்கிரபாண்டி


கோச்சடை,
20.7.2024

அண்ணே,

பக்கத்து ஊர் ஆட்டை நடையை வைத்தே இன்னார் வீட்டு ஆடு என்று சொல்கிறவன் நீ. நன்றாக விடிந்த பிறகு, கண்ணெதிரே நின்ற வண்டியின் நம்பரைக் கவனிக்கவில்லை என்று எழுதுகிறாய். நம்பர் எதற்கு? முன்கண்ணாடியில் பெரிய எழுத்தில் 'தமிழ்மாறன் சிக்கன்' என்று ஒட்டியிருக்கிறதே. உன் மருமகன் பேர்.

எனக்குத் தெரியும். பரவையில் மூன்றாவது கடை திறந்ததிலிருந்து கழிவு அள்ளுகிறவனுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று இவர் புலம்பிக்கொண்டிருந்தார். திடீரென்று புலம்பல் நின்றது. நம் ஊரை ஒட்டித் திருவாதவூர் பக்கம் ஒரு பார்ட்டி சும்மாவே எடுத்துக்கொள்கிறது என்றார். யார், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று கேட்கவில்லை. நீ கேட்டு எழுதிய பிறகுதான் கேட்டேன். மருதுதான் அந்தப் பார்ட்டி என்றார். அதை உனக்கு எழுத வரவில்லை, மாநகராட்சி வண்டி என்று பொய் எழுதிவிட்டுப் புடவை எடுத்து அனுப்பினேன்.

நேற்று உன் கடிதத்தை அவர் முன்னாலேயே படித்துக் காட்டினேன். என் ஊர்க் கண்மாய் என்று தெரிந்தேதான் செய்தீர்களா என்றேன். கை கழுவிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "உங்க ஊரு கம்மாயில போடலேன்னா வேற ஊரு கம்மாயிலதான் போடணும். எந்த ஊரு நாறணும்னு நீயே சொல்லு."

எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலி, பிள்ளை படிப்பு, கழுத்தில் கிடப்பது எல்லாம் அந்த நீல டிரம்மிலிருந்து வந்தவை. அன்றைக்கு நாத்தனார் முன்னால் மூக்கைச் சுளித்துக்கொண்டு சாக்கடையில் ஊற்றினேனே, என் வீட்டுக் கழிவைத் தின்று கொழுத்த மீன் என் வீட்டுக்கே பங்காக வந்திருக்கிறது. சோற்றைப் பிசைந்தால் அந்த நாற்றம் வருகிறது. கோழி சமைப்பதை விட்டுவிட்டேன்.

நீ கூட்டத்தில் உண்மையைச் சொல்.

ரோகிணி


நாவலம்பட்டி,
29.7.2024

ரோகிணி, உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். இதையும் நீ படித்ததும் கிழித்துவிடு. உன் மதினிக்குக்கூடத் தெரியாது.

நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பேர் வெளியே வந்தால் உறவு அற்றுப்போகும் என்று ஊர் முன்னால் சொன்னவன் நான்தான். யாரோ ஒருத்தன் என்று நினைத்துச் சொன்னேன். கட்டிக்கொடுத்த தங்கச்சியை என் வாயாலேயே வெட்டிவிடச் சொல்கிறாயா? அப்பா செத்த பிறகு உனக்கு நான் பார்த்துப் பார்த்துப் பேசி முடித்த சம்பந்தம் இது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் ஏதாவது வந்தால் நான் தாங்கமாட்டேன். மாப்பிள்ளையைத் தனியாகப் பார்த்து இனிமேல் கொட்ட வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். விஷயம் முடிந்தது.

கருப்பும் பார்த்தான். கண்ணாடியில் இருந்ததை அவனும் வாசித்தான். கூட்டத்தில் நான் நம்பர் தெரியவில்லை என்றபோது என் பக்கத்திலேயே நின்றான், ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வாழ்நாளில் எனக்காகப் பொய்க்கு நின்றது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவதில்லை. எதிரில் கண்டால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வேறுபக்கம் பார்க்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடாமல் கிடக்காதே.

உக்கிரபாண்டி


கோச்சடை,
9.8.2024

நாவலம்பட்டி மேலக்கண்மாய்க் குழுத் தலைவர் அவர்களுக்கு, இந்த ஊரில் பிறந்து கோச்சடையில் வாழ்க்கைப்பட்ட ரோகிணி வணக்கத்துடன் எழுதுவது. இதை ஊர்க்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். கருப்பு அண்ணனுக்கும் இதேபோல் ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

மடை ஓரம் கோழிக்கழிவு கொட்டும் வண்டி என் கணவர் ராம்கியுடையது. ஓட்டி வருபவர் எங்கள் கடை ஆள். மருது குத்தகையில் இருந்த காலத்திலிருந்து இது நடக்கிறது. எனக்கு முன்பே சந்தேகம் இருந்தும் நான் கேட்கவில்லை.

இதை எழுதுவதை என் கணவரிடம் சொல்லிவிட்டேன். என்னோடு அவர் பேசுவதில்லை. ஆனால் கழிவை முறையாக எடுக்கிற ஆளிடம் மறுபடியும் பேசி முடித்துவிட்டார். வண்டி இனி அந்தப் பக்கம் வராது. கூட்டம் என்ன முடிவெடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். தலைவர் என் அண்ணன் என்பதற்காக எந்தச் சலுகையும் வேண்டாம். மீன் குஞ்சு விடுவது இதனால் நின்றுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஊரில் எல்லோருக்கும் என் வணக்கம்.

ரா. ரோகிணி


நாவலம்பட்டி,
17.11.2024

ரோகிணி, நீயும் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? எழுத இத்தனை நாளாகிவிட்டது. எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன். இங்கே நல்ல மழை. கண்மாய்க்குத் தண்ணீர் வருகிறது.

உன் கடிதத்தை நான்தான் வாசித்தேன். கருப்புக்கும் நீ அனுப்பியிருக்காவிட்டால் வாசித்திருக்கமாட்டேன், அது உனக்கே தெரிந்துதான் அனுப்பியிருக்கிறாய். வாசித்து முடித்ததும் கருப்பு எழுந்தான். "நானும் பாத்தேன். அண்ணனும் பாத்தாக. ரெண்டு பேரும் பொய் சொன்னோம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தலைவர் இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். இப்போது குழுவுக்கு அவன்தான் தலைவர். அவங்க அப்பாவை நம் வயலில் வேலை வாங்கினவர்கள் நாம். ஊர் அவனைத்தான் கூப்பிட்டு உட்காரவைத்தது, அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆவணியில் தண்ணீரை இறைத்தோம். மாட்டுக்கு வீட்டுக்கு வீடு தொட்டி கட்டி, குழாய்த் தண்ணீர் விட்டோம். ஊரே சேற்றில் இறங்கியது, போன தடவை மாதிரி ஆசையாக இல்லை. மண்வெட்டியால் கிளறக் கிளற உள்ளிருந்து புரண்டு வந்தது. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அந்த நாற்றம் உடம்பை விட்டுப் போக வெகுநாளாயிற்று. மாப்பிள்ளை வண்டிதான் செத்த மீனைக் குழிக்கு அள்ள வேண்டும் என்று கூட்டம் சொன்னது. அவரே ஓட்டிக்கொண்டு வந்தார், உன்னிடம் சொன்னாரோ என்னவோ. கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு வண்டியை விட்டு இறங்காமல் இருந்தார். விக்ரம் போய்க் கதவைத் திறந்து, "இறங்கி வாங்க மாமா, உங்க மீன்தானே" என்றான். இறங்கினார். அவர் வாந்தி எடுத்ததை ஊரே நின்று பார்த்தது. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை.

மேடம் சொன்னபடி கெண்டை, விரால் குஞ்சு விட்டிருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு வலை கிடையாது. மீனை விற்றுக்கொண்டிருந்த விக்ரமே இப்போது கரைக் காவல். இனிப் பொய்யாக மீன் அனுப்பக்கூடாது என்றும் முடிவாகியிருக்கிறது. கண்மாய் அழிக்கிற காலம் வந்ததும், கட்டிக்கொடுத்த பெண்மக்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஊரிலிருந்து ஆள் போய், இந்த வருஷம் மீன் இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

உன் வீட்டுப் பங்கு எடுக்கப்பட்டுவிட்டது. உண்மையை எழுதின பிள்ளை என்று இரண்டு பேர் உனக்காகப் பேசினார்கள். சொன்ன சொல்லை மாற்றினால் நாளைக்கு எவனும் பயப்படமாட்டான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். கடைசியில் கருப்பு என்னைப் பார்த்து, நீங்க சொல்லுங்கண்ணே என்றான். எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன்.

உன் மதினி என்னோடு பேசுவதில்லை. உனக்குக் கோபம் இருந்தால் அதையாவது எழுது.

உக்கிரபாண்டி


கோச்சடை,
24.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு ரோகிணி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பிடுகிறேன். அவரும் இப்போது இரண்டு வார்த்தை பேசுகிறார். தமிழ்மாறன் வண்டிக் கண்ணாடியிலிருந்து தன் பேரைச் சுரண்டி எடுத்துவிட்டான். ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

கோபம் இல்லை. எடுத்துவிடுங்கள் என்று நீ சொன்னது சரி. நீ எனக்காகப் பரிந்து பேசியிருந்தால் எனக்கு உன்மேல் அருவருப்பு வந்திருக்கும், ஏற்கெனவே அது இந்த வீட்டில் நிறைய இருக்கிறது. மதினியிடம் இதைப் படித்துக் காட்டு.

போன வாரம் கருப்பு அண்ணன் பரவைக்கு வந்தாராம். நம் ஊர்ப் பெண் அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாளே, மார்க்கெட்டில் பார்த்தபோது அவள்தான் சொன்னாள். வாசலில் நின்று, "இந்த வருசம் மீன் இல்ல தாயி, கம்மா தேறி வருது" என்று சொல்லிவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாராம். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. மீனே வந்ததுபோல இருந்தது என்றாள். பரவையிலிருந்து கோச்சடை எவ்வளவு தூரம்? பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போயிருக்கும்.

அதைக் கேட்டுவிட்டு வந்து அன்றைக்கெல்லாம் வாசலைக் கூட்டுவதும் படியைத் துடைப்பதுமாக இருந்தேன். மாமியார் கவனித்துவிட்டு, உங்க ஊர்லேருந்து ஆளு வரணுமா என்று கேட்டார். இல்லை என்றேன். எல்லா வீட்டுக்கும் போய் மீன் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள் அண்ணே. எனக்கு அதைச் சொல்லக்கூட யாரும் வரவில்லை.

உன் நெஞ்சுச் சளியைப் பார்த்துக்கொள்.

ரோகிணி